டெல்டாச் சிற்றாறு ஒன்றின் நில அமைப்பைப் பதிவுசெய்வது எப்படி: குடமுருட்டியை எடுத்துக்காட்டாகக் கொண்ட வழிகாட்டி

தண்ணீர் பள்ளத்தை நாடி ஓடும் என்பதும், ஒரு வட்டாரத்தின் மிகத் தாழ்ந்த இடத்தில்தான் ஆறு இருக்கும் என்பதும் பள்ளிக்கூடத்திலேயே நாம் கற்ற பாடம். மலையடிவாரத்திலும் கொங்கு நாட்டிலும் இந்தப் பாடம் சரியாகவே பொருந்துகிறது. ஆனால் இதே எண்ணத்தோடு தஞ்சாவூர் மாவட்டத்தின் டெல்டாப் பகுதியில் ஒரு சிற்றாற்றைத் தேடிச் செல்பவர் முதல் நாளே குழம்பிப்போவார். வயலில் நின்று பார்த்தால் அங்கே ஆறு தெரியாது. தென்னை வரிசையும் கரையும் மட்டுமே தெரியும். ஆற்றைப் பார்க்க வேண்டுமென்றால் மேட்டில் ஏற வேண்டும். ஆறு மேட்டிலும் வயல் பள்ளத்திலும் இருக்கும் இந்த அமைப்பைப் புரிந்துகொள்ளாமல் வரையப்படும் எந்தப் படமும், கோடுகள் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், தவறான படமே.

தம் ஊர் வழியே ஓடும் சிற்றாற்றின் நில அமைப்பை முறையாகப் பதிவுசெய்ய விரும்பும் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் உழவர் குழுக்களுக்கும் இந்த வழிகாட்டி பயன்படும். எடுத்துக்காட்டாக, திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் காவிரியிலிருந்து பிரிந்து, திருப்பூந்துருத்தி, கண்டியூர், திருச்சோற்றுத்துறை ஆகிய ஊர்களை ஒட்டிக் கிழக்கே பாபநாசம் நோக்கிச் செல்லும் குடமுருட்டியை எடுத்துக்கொள்கிறேன். வெண்ணாறு, வெட்டாறு, அரசலாறு என வேறு எந்தக் கிளையாற்றின் கரையில் நீங்கள் இருந்தாலும் இதே முறை பொருந்தும்.

எந்த ஆறு, யாருடைய பிள்ளை

முதலில் பெயரை உறுதிசெய்துகொள்ள வேண்டும். குடமுருட்டி என்ற பெயரில் திருச்சிராப்பள்ளி நகரை ஒட்டியும் ஓர் ஆறு இருக்கிறது. அது காவிரியில் சென்று சேரும் ஆறு, நாம் பேசுவதோ காவிரியிலிருந்து பிரியும் ஆறு. கோரையாறு என்ற பெயரிலும் திருச்சிப் பக்கம் ஒன்றும் நீடாமங்கலத்துக்குக் கீழே ஒன்றும் உண்டு. பழைய கட்டுரைகளிலும் நாளிதழ்ச் செய்திகளிலும் இவை அடிக்கடி கலந்துவிடுவதால், எந்தத் தகவலை எடுத்தாலும் அது எந்த மாவட்டத்து ஆற்றைப் பற்றியது என்று பார்த்த பிறகே குறிப்பேட்டில் ஏற்ற வேண்டும்.

அடுத்து, ஆறுகளின் குடும்ப மரம் ஒன்றை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். மேட்டு நிலத்து ஆற்றுக்கு அந்த மரம் கிளைகளிலிருந்து அடிமரத்துக்கு வரும்: ஓடைகள் கூடிச் சிற்றாறாகும், சிற்றாறுகள் கூடிப் பேராறாகும். டெல்டாவில் அடிமரத்திலிருந்து கிளைகள் பிரிந்துகொண்டே போகும். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, புதுஆறு என்று பாசன நீர் பிரிகிறது. மிகுதியாக வரும் வெள்ளம் கொள்ளிடத்துக்குத் திருப்பப்படுகிறது. காவிரியிலிருந்து குடமுருட்டியும் அரசலாறும் பிரிகின்றன. குடமுருட்டியிலிருந்து திருமலைராஜன் ஆறு பிரிகிறது. வெண்ணாற்றிலிருந்து தென்பெரம்பூரில் வெட்டாறு பிரிகிறது; எஞ்சிய வெண்ணாறு நீடாமங்கலத்தை அடுத்த மூணாறு தலைப்பில் கோரையாறு, பாமணியாறு என மேலும் பிரிகிறது. இவற்றில் புதுஆறு மட்டும் 1934-இல் பயன்பாட்டுக்கு வந்த, வெட்டப்பட்ட கால்வாய். தஞ்சாவூர் நகரின் நடுவே ஓடினாலும் அது டெல்டாவின் இயற்கைக் கிளைகளில் ஒன்றன்று. வெட்டிய கால்வாய்க்கும் இயற்கைக் கிளைக்கும் உள்ள வேறுபாட்டைப் படத்தில் தனி நிறத்தால் காட்டுவது நல்லது.

குடும்ப மரம் வரையும்போதே ஒவ்வொரு பிரிவிலும் உள்ள தலைப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். தலைப்பு என்பது ஆறு பிரியும் இடத்தில் கட்டப்பட்டிருக்கும் நீரொழுங்கி. எந்தக் கிளைக்கு எவ்வளவு தண்ணீர் என்பதை நில அமைப்பு மட்டும் இன்று முடிவுசெய்வதில்லை. அந்த ஷட்டர்களும் சேர்ந்தே முடிவுசெய்கின்றன.

வீட்டில் செய்ய வேண்டியவை

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவு வரைபடங்களைத் துறையின் இணையதளத்தில் பதிவுசெய்து பெற்றுக்கொள்ளலாம். பழைய எண் வரிசைப்படி தஞ்சாவூர், திருவையாறு பகுதி 58 என்/1 என்ற தாளில் வருகிறது. திருக்காட்டுப்பள்ளி அதற்கு மேற்கேயுள்ள 58 ஜே/13 என்ற தாளில் வருகிறது. ஆகவே குடமுருட்டிக்கு இரண்டு தாள்களையும் ஒட்டவைத்துத்தான் பார்க்க வேண்டும். ஒரே தாளை வைத்துக்கொண்டு ஆற்றின் தொடக்கத்தைத் தேடுவது வீண். கூடவே உங்கள் வருவாய்க் கிராமத்தின் வரைபடம், ஒவ்வொரு புல எண்ணின் வகையையும் பரப்பையும் சொல்லும் அ-பதிவேடு, முடிந்தால் சில ஆண்டுகளின் அடங்கல் (பயிர்க் கணக்கு) ஆகியவற்றைப் பாருங்கள். அ-பதிவேட்டில் ஆற்றுப் புறம்போக்கு என்றும் வாய்க்கால் புறம்போக்கு என்றும் பதிவாகியிருக்கும் புல எண்களை நிறமிட்டுக் காட்டினால், இன்று தூர்ந்து கண்ணுக்குத் தெரியாமல் போன வாய்க்கால்கள்கூடக் காகிதத்தில் எழுந்து வரும். இந்த ஒரு வேலைக்கு ஒரு முழு நாளை ஒதுக்குவதில் தவறில்லை.

கைப்பேசியிலும் செயற்கைக்கோள் படங்களிலும் கிடைக்கும் உயர அளவுகளை இங்கே நம்ப வேண்டாம். கல்லணைப் பகுதி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பூம்புகார்க் கடற்கரை நேர்க்கோட்டில் ஏறத்தாழ 120 கிலோமீட்டர். அதாவது நிலம் கிலோமீட்டருக்குச் சராசரியாக அரை மீட்டர் அளவே சரிகிறது. கைப்பேசி காட்டும் உயரத்தில் பல மீட்டர் பிழை இருக்கலாம்; வயலுக்கும் கரைக்கும் இடையே நாம் அளக்கவிருக்கும் வேறுபாடோ ஓரிரு மீட்டர்தான். இடத்தைக் குறிக்கக் கைப்பேசி போதும். உயரத்துக்கு வேறு வழி வேண்டும். அதைச் சற்றுப் பின்னர் சொல்கிறேன்.

எப்போது நடக்க வேண்டும்

ஒரு தடவை நடந்து முடிக்கக்கூடிய வேலையன்று இது. மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கமான முறை. நீர் இருப்பைப் பொறுத்துச் சில ஆண்டுகளில் திறப்பு தள்ளிப்போகும். மாசியிலிருந்து வைகாசி வரை ஆறு வறண்டு கிடக்கும் காலம் முதல் நடைக்கு உரியது. அப்போதுதான் ஆற்றின் படுகையும், மணல் எங்கே தேங்கியிருக்கிறது என்பதும், கரையில் பதித்த மதகுகளின் அடிமட்டமும், மணல் அள்ளிய குழிகளும் கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது நடை, தண்ணீர் வந்து சம்பா நடவு முடிந்த பிறகு, ஐப்பசி கார்த்திகை மழையின்போது அமைய வேண்டும். வறண்ட காலத்தில் எல்லாப் பள்ளங்களும் ஒன்றுபோலத் தோன்றும். எது தண்ணீரைக் கொண்டுவருகிறது, எது கொண்டுபோகிறது என்பதை மழைக்காலம்தான் காட்டிக்கொடுக்கும். நானும் முதல் கோடையில் ஒரு வடிகாலைப் பாசன வாய்க்கால் என்றே குறித்துவைத்திருந்தேன். கார்த்திகையில் தண்ணீர் எதிர்த்திசையில் ஓடுவதைப் பார்த்த பிறகே படத்தைத் திருத்தினேன்.

சித்திரை மாதத்தில் நடக்கும் திருவையாற்றுச் சப்தஸ்தான விழாவில், ஐயாறப்பரின் பல்லக்கோடு மக்கள் ஏழு ஊர்களைச் சுற்றி வருகிறார்கள். திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் ஆகியவை மற்ற ஆறு ஊர்கள். காவிரிக்கும் குடமுருட்டிக்கும் இக்கரையிலும் அக்கரையிலும் உள்ள ஊர்களை ஒரே சுற்றில் காலால் நடந்து அறிய இதைவிட நல்ல வாய்ப்பு இந்த வட்டாரத்தில் இல்லை. குறிப்பேட்டோடு ஒருமுறை கூடவே நடந்து பாருங்கள்.

குறுக்கே நடத்தல்

ஆற்றை அறிய அதன் நீளவாக்கில் நடப்பதே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். டெல்டாவில் குறுக்கே நடப்பதுதான் அதிகம் கற்றுத்தரும். இதற்கென்றே அமைந்ததுபோல ஒரு சாலை இருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து வடக்கே திருவையாற்றுக்குச் செல்லும் ஏறத்தாழ 12 கிலோமீட்டர்ச் சாலை ஐந்து ஆறுகளைக் கடக்கிறது: கரந்தையை ஒட்டி வடவாறு, பள்ளியக்ரகாரத்தில் வெண்ணாறு, அடுத்து வெட்டாறு, கண்டியூரை அடுத்துக் குடமுருட்டி, இறுதியில் திருவையாற்றில் காவிரி. மிதிவண்டியில் சென்றால் உடம்பே நில அளவைக் கருவியாகிவிடும். ஒவ்வொரு பாலத்தையும் நெருங்கும்போது சாலை மெல்ல ஏறும். பாலம் தாண்டியதும் மெல்ல இறங்கும். இரண்டு பாலங்களுக்கு நடுவே ஒரு பள்ளம் வரும், அந்தப் பள்ளத்தில் ஒரு சிறிய மதகுப் பாலத்தின் கீழ் வடிகால் கிடக்கும். பாலத்துக்காகப் போட்ட மண்மேடும் இந்த ஏற்றத்தில் கலந்திருக்கும் என்பதால், சாலையை மட்டும் நம்பாமல் பக்கத்து வயல்வரப்பில் இறங்கியும் பார்க்க வேண்டும்.

ஓட்டு வீட்டுக் கூரைகள் வரிசையாக அடுத்தடுத்து நிற்பதை நினைத்துக்கொண்டால் இந்த நிலம் எளிதில் விளங்கும். முகட்டில் ஆறு, இரண்டு கூரைகள் சேரும் இடத்தில் மழைநீரை வாங்கும் தகர வாய்க்காலைப் போல வடிகால், இடையே சரிவில் வயல்கள். இப்படி ஆனதற்குக் காரணம் வெள்ளம். ஆறு கரைபுரளும்போது வேகம் குறையும் முதல் இடம் கரையோரம். எடை மிகுந்த மணலும் பருவண்டலும் அங்கேயே படிந்துவிடுகின்றன. நுண்ணிய களி மட்டும் தண்ணீரோடு தொலைவுக்குச் சென்று பள்ளத்தில் அமைதியாகப் படிகிறது. நூற்றாண்டுக்கணக்கில் இது நிகழ்ந்ததால் ஆறு தன் கரையைத் தானே உயர்த்திக்கொண்டது. தன் படுகையையும் உயர்த்திக்கொண்டது. ஒரு கட்டத்தில் பக்கத்துப் பள்ளம் ஆற்றைவிடத் தாழ்ந்துபோக, அடுத்த பெருவெள்ளத்தில் ஆறு உடைத்துக்கொண்டு அந்தப் பள்ளத்தில் புது வழி கண்டது. டெல்டாவின் கிளைகள் பலவும் இப்படிப் பிறந்தவையே. மனிதர் அவற்றுக்குக் கரை கட்டித் தலைப்பு வைத்து ஒரே வழியில் நிறுத்தினார்கள்.

இனி அளவீடு. கட்டட வேலையில் கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் மட்டமே இங்கே நமக்குத் தேவையான கருவி. 15 மீட்டர் நீளமுள்ள, ஒளி புகும் நெகிழிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, காற்றுக்குமிழ் ஒன்றும் இல்லாமல் தட்டி வெளியேற்றுங்கள். குமிழ் இருந்தால் அளவு முழுவதும் பொய்த்துவிடும். சென்டிமீட்டர் குறித்த இரண்டு கம்புகளில் குழாயின் இரு முனைகளையும் கட்டி, ஆற்றுக்கரையிலிருந்து வடிகாலை நோக்கி 10 மீட்டருக்கு ஓரிடமாக நகருங்கள். இரண்டு கம்புகளிலும் தண்ணீர் நிற்கும் அளவுகளுக்கு இடையே உள்ள வேறுபாடே அந்த இரண்டு இடங்களின் உயர வேறுபாடு. 500 மீட்டர் தொலைவுக்கு 50 அளவுகள். மூன்று பேர் இருந்தால் அரை நாளில் முடியும். தொடங்கிய இடத்துக்கே அளந்துகொண்டு திரும்பி வந்து, கூட்டலும் கழித்தலும் பூச்சியத்தை ஒட்டி முடிகின்றனவா என்று சரிபார்க்காமல் அளவை ஏற்க வேண்டாம்.

கரையின் உச்சி மனிதர் கட்டியது என்பதால் அதைத் தனியே குறியுங்கள். கரைக்கு வெளியே, அதன் அடிவாரத்திலிருந்து தொடங்கும் மெல்லிய சரிவுதான் ஆறு தானே படைத்த மேடு. ஆறு வறண்டிருக்கும்போதே படுகையின் மட்டத்தையும் அளந்துகொண்டு, தண்ணீர் ஓடும் காலத்தில் பாலத்தூணில் தெரியும் நீர்மட்டத்தையும் சேர்த்துக்கொண்டால், வயலைவிட ஆற்றுநீர் எவ்வளவு உயரத்தில் ஓடுகிறது என்பதைச் சென்டிமீட்டரில் சொல்லிவிடலாம். எந்த இயந்திரமும் இல்லாமல் தண்ணீர் வயலுக்குப் பாய்வதற்கான காரணம் அந்த எண்ணில்தான் இருக்கிறது.

அளந்துகொண்டு போகும்போதே 100 மீட்டருக்கு ஒரு பிடி மண் எடுத்து ஈரப்படுத்தி உருட்டிப் பாருங்கள். கரையோரப் படுகை மண் உருட்டினால் உதிர்ந்துவிடும். தொலைவு செல்லச் செல்ல மண் உருளும். பள்ளத்துக் களி திரியாக நீண்டு, வளைத்தால் வளையமாகவும் நிற்கும். பயிர்களும் இதே வரிசையைப் பின்பற்றுகின்றன. தண்ணீர் தேங்காத கரையோரப் படுகை நிலத்தில் வாழையும் கரும்பும் தென்னையும், பாபநாசம், கும்பகோணம் வட்டாரத்தில் வெற்றிலைக் கொடிக்கால்களும். அதற்கு அப்பால் நெல் மட்டும். ஊர்களும் பெரும்பாலும் மேட்டிலேயே அமைந்து, ஆற்றை ஒட்டிய சாலையோடு நீண்டு கிடக்கின்றன. மண், பயிர், குடியிருப்பு ஆகிய மூன்றையும் குறுக்குவெட்டுப் படத்தின் கீழே மூன்று வரிசைகளாக எழுதிவிட்டால், படம் தானே பேசத் தொடங்கும்.

பாய்வதும் வடிவதும்

மற்ற எல்லாவற்றையும்விட இந்தப் பகுதிக்கே அதிக நேரம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஏனென்றால், நம்மிடம் ஆறுகளின் படங்கள் நிறைய இருக்கின்றன. வடிகால்களின் படங்கள் மிகக் குறைவு. கார்த்திகை மழையில் சம்பாப் பயிர் மூழ்கும்போது ஆற்றைப் பார்த்து யாரும் விடை காண முடியாது. வடிகால் எங்கே அடைபட்டது என்பதே கேள்வி.

ஆற்றுக்கரையில் பதித்த ஒவ்வொரு மதகையும் எண்ணிட்டு, அதிலிருந்து புறப்படும் வாய்க்காலைப் பின்தொடருங்கள். ஆற்றிலிருந்து நேரே பிரியும் வாய்க்கால் ஏ பிரிவு. அதிலிருந்து பிரிவது பி. பிறகு சி, டி என்று பொறியாளர்களும் உழவர்களும் பேசிக்கொள்கிறார்கள். இவற்றில் பெரும்பாலானவை சரிவின் முதுகில், அதாவது அக்கம்பக்கத்து வயலைவிட உயரமாக ஓடும். வயலிலிருந்து வெளியேறும் தண்ணீர் வரப்பு வாயில் வழியே வடிவாய்க்காலில் இறங்கி, அது இன்னொரு வடிகாலில் கூடி, இரண்டு ஆறுகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தோடு கிழக்கே போகும். ஆக, பாசன வாய்க்கால்கள் போகப் போகப் பிரியும். வடிகால்கள் போகப் போகக் கூடும். படத்தில் ஒரு கோடு எதுவென்று ஐயம் வந்தால், அது பிரிகிறதா, கூடுகிறதா என்று பார்த்தாலே பெரும்பாலும் தெளிந்துவிடும்.

கீழ் டெல்டாவுக்குச் சென்றால் இந்தப் பாகுபாடு மங்கத் தொடங்கும். அங்கே ஒரே ஆறு மேலே பாசனம் தந்துவிட்டுக் கீழே வடிகாலாகவும் வேலை செய்யும்; நாகூர் அருகே கடலில் கலக்கும் வெட்டாற்றை அப்படிப்பட்ட ஆறாகக் கொள்ளலாம். ஒரு வடிகால் ஆற்றில் சேரும் இடத்தில் ஆற்றின் நீர்மட்டம் உயர்ந்திருந்தால், வடிய வேண்டிய தண்ணீர் வடியாமல் பின்னோக்கித் தேங்கும். அப்படிப்பட்ட சேர்முகம் உங்கள் ஊர் எல்லைக்கு வெளியே 10 கிலோமீட்டர் தொலைவில் இருந்தாலும், அதுவரை சென்று பார்த்துவிட்டு வாருங்கள். அடைப்புகளையும் வகை பிரித்து எழுத வேண்டும்: ஆகாயத்தாமரை, நெய்வேலிக் காட்டாமணக்கு, நாணல் போன்ற செடிகளால் அடைபட்டது வேறு, சாலைக்கு அடியில் போதாத குழாய் பதித்ததால் குறுகியது வேறு, மேடாக்கிக் கட்டடம் எழுப்பியதால் அறுபட்டது வேறு. முதல் வகையைச் சில நாள் வேலையில் நீக்கிவிடலாம். மூன்றாவது வகைக்கு அ-பதிவேட்டுப் புல எண் வேண்டும்.

ஓடும் அளவை அறிய

ஒரு வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்பதை ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தே கணக்கிடலாம். நேராக ஓடும் 20 மீட்டர் நீளத்தைத் தேர்ந்தெடுத்து, பழத்தை நடுவில் மிதக்கவிட்டு, கடக்கும் நேரத்தை ஐந்து முறை எடுத்துச் சராசரி காணுங்கள். மேற்பரப்பு வேகம் எப்போதும் சற்று மிகையாக இருக்கும் என்பதால் அதை 0.85-ஆல் பெருக்க வேண்டும். வாய்க்காலின் அகலம் 6 மீட்டர், சராசரி ஆழம் அரை மீட்டர், பழம் கடக்க 40 விநாடி என்று வைத்துக்கொண்டால், வேகம் விநாடிக்கு 0.5 மீட்டர், திருத்திய வேகம் 0.425, குறுக்குப் பரப்பு 3 சதுர மீட்டர். ஆகவே விநாடிக்கு ஏறத்தாழ 1.28 கன மீட்டர், அதாவது சுமார் 45 கன அடி. இதை வாய்க்கால்களில் மட்டுமே செய்யுங்கள். ஆற்றில் இறங்கவே கூடாது. மணல் அள்ளிய குழிகள் தண்ணீருக்கு அடியில் மறைந்திருக்கும், தலைப்புகளின் கீழ்ப்புறத்துச் சுழலோ நீச்சல் தெரிந்தவரையும் இழுத்துவிடும். மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் இதில் சிறிதும் இளகக் கூடாது.

பெயர்களையும் மனிதர்களையும் கேட்டல்

ஊர்ப்பெயர்களும் புலப்பெயர்களும் நில அமைப்பின் பழைய பதிவுகள். துருத்தி என்பது ஆற்றிடைக்குறை, அதாவது ஆற்றுநீருக்கு நடுவே அமைந்த திட்டு. காவிரிக்கும் குடமுருட்டிக்கும் இடைப்பட்ட நிலத்தில் அமைந்த திருப்பூந்துருத்தி அந்தப் பெயரை இன்றும் சுமக்கிறது. சோற்றுத்துறையில் உள்ள துறை என்ற சொல் ஆற்றில் இறங்கும் இடத்தைச் சொல்கிறது. திடல், மேடு, பள்ளம், படுகை, குட்டை என முடியும் வயற்பெயர்களை ஒவ்வொரு புல எண்ணோடும் சேர்த்து எழுதி, உங்கள் டியூப் மட்ட அளவுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சோழர் காலக் கல்வெட்டுகள் ஒரு துண்டு நிலத்தைச் சுட்ட, இன்ன வதிக்குக் (வழி அல்லது சிறு கால்வாய்) கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாவது கண்ணாறு (கிளை வாய்க்கால்), இத்தனையாவது சதிரம் (சதுர நிலத்துண்டு) என்று எழுதின. வாய்க்கால்களையே அச்சாகக் கொண்டு நிலத்தைக் குறித்த முறை அது. நம் படத்துக்கும் அதைவிடப் பொருத்தமான முறையை நான் காணவில்லை.

பெயர் தெரிந்தவர்கள் வயலில் இருக்கிறார்கள். தலைப்பில் ஷட்டர் ஏற்றி இறக்கும் லஸ்கர், தலைமடையில் முதலில் தண்ணீர் பெறும் உழவர், கடைமடையில் கடைசியாகப் பெறுபவர், நாற்று நடும் பெண்கள், ஆடு மாடு மேய்ப்பவர்கள் ஆகிய எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள்: இந்த வாய்க்காலுக்கு என்ன பெயர், தண்ணீர் திறந்த எத்தனையாவது நாளில் இங்கே வந்து சேரும், பெருமழையில் முதலில் மூழ்கும் வயல் எது, தண்ணீர் எத்தனை நாள் நிற்கும். தலைமடைக்காரரின் விடையும் கடைமடைக்காரரின் விடையும் வேறுபடும். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள், ஒன்றைச் சரி என்றும் மற்றதைத் தவறு என்றும் அங்கேயே தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

படத்தை வரைதல்

இறுதிப் படம் மூன்று தாள்களாக இருக்கட்டும். முதலாவது, ஆறும் பாசன வாய்க்கால்களும் நீல நிறத்தில். இரண்டாவது, அதே அளவில் ஒளி புகும் தாளில் வடிகால்கள் மட்டும் சிவப்பு நிறத்தில். மூன்றாவது, ஆற்றிலிருந்து ஆறு வரையிலான குறுக்குவெட்டு. குறுக்குவெட்டில் உயரத்தைக் கிடைநீளத்தைவிட 50 அல்லது 100 மடங்கு பெரிதாக்கி வரைந்தால்தான் சரிவு கண்ணுக்குத் தெரியும். அப்படிப் பெரிதாக்கியதைப் படத்தின் மேலேயே எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் பார்ப்பவர் டெல்டாவில் குன்றுகள் இருப்பதாக எண்ணிக்கொள்வார். இரண்டாவது தாளை முதல் தாளின் மேல் வைத்துப் பாருங்கள்: நீலக் கோடும் சிவப்புக் கோடும் குறுக்கிடும் இடங்களில் வாய்க்காலுக்கு அடியில் வடிகால் செல்லச் சுரங்கப் பாலம் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒன்று உங்கள் படத்தில் பிழை, அல்லது நிலத்தில் அடைப்பு. அந்தப் புள்ளிகளைப் பட்டியலிட்டு, அடுத்த மழையில் மறுபடி சென்று பாருங்கள். ஒவ்வொரு தாளின் கீழும் அளந்த நாள், அன்று ஆற்றில் தண்ணீர் இருந்ததா இல்லையா, பயிர் குறுவையா சம்பாவா தாளடியா என்பவற்றை எழுதி, ஒரு படியை ஊராட்சி அலுவலகத்திலும் ஒரு படியை ஊர்ப் பள்ளியிலும் வைத்துவிடுங்கள்.